பிரேக்கைக் காப்பவர்

லிஸ்பன்,
2025 நவம்பர் 9

அன்புள்ள மாதவனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. முழங்கால் அறுவைக்குப் பிறகு ஊன்றுகோல் இல்லாமலே மேட்டுப்பாளையம் கடைவீதி வரை நடந்து வருகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே மகள், மருமகன், பேத்தி எல்லாரும் நலம். பேத்தி என்னிடம் தமிழிலும் தன் பொம்மையிடம் போர்த்துகீசிய மொழியிலும் பேசுகிறாள். 'ஜன்னல்' என்று நான் சொன்னால் அவள் 'ஜனேலா' என்கிறாள். யார் யாருக்குக் கற்றுக் கொடுத்தது என்பதை நானூறு ஆண்டுகளுக்கு முன்பே முடிவுசெய்துவிட்டார்கள்.

செப்டம்பர் மாதச் செய்தியைப் பார்த்துவிட்டு, "கவிழ்ந்த வண்டியும் நீ தினமும் ஏறுகிற டிராமும் ஒன்றுதானா?" என்று கேட்டிருந்தாய். நீலகிரி மலை ரயிலில் இருபத்தெட்டு ஆண்டுகள் பிரேக்ஸ்மேனாக நின்றவன் கேட்கும் கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் எழுதுவது மரியாதையாகாது என்பதால், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

இரண்டும் ஒன்றல்ல. செப்டம்பர் 3ஆம் தேதி மாலை விபத்துக்குள்ளானது குளோரியா என்னும் இழுவை வண்டி. 1885இல் தொடங்கிய அந்தப் பாதையின் நீளம் கால் கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். ஒரே கேபிளின் இரு முனைகளில் கட்டிய இரண்டு பெட்டிகள், கிணற்றின் இரட்டை வாளிகளைப் போல, ஒன்று இறங்க மற்றொன்று ஏறும். அன்று மேலிருந்து புறப்பட்ட பெட்டியில் கேபிள் பொருத்தப்பட்டிருந்த இடத்திலேயே அது விட்டுப்போய், பெட்டி சரிவில் பாய்ந்து வளைவில் இருந்த கட்டடத்தின் மீது மோதியது. பதினாறு பேர் இறந்தார்கள். பெட்டியை ஓட்டியவரும் அவர்களில் ஒருவர். அவர் பிரேக்கைப் போட்டிருந்தார் என்றும், கேபிளின் பிடி இல்லாதபோது அந்த பிரேக்குகளால் மட்டும் பெட்டியை நிறுத்த முடியவில்லை என்றும் விசாரணையாளர்கள் தங்கள் முதல் அறிக்கையிலேயே சொல்லிவிட்டார்கள். அந்த வரியைப் படித்தபோது எனக்கு உன் நினைவுதான் வந்தது.

டிராம் அப்படியல்ல. அதை எந்தக் கேபிளும் இழுப்பதில்லை. தலைக்கு மேலுள்ள கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து, தன் சக்கரங்களின் பிடிமானத்தை மட்டும் நம்பி ஏறி இறங்குகிறது. நான் அதிகம் ஏறுவது 28ஆம் எண் வண்டியில். மார்த்திம் மொனிஸ் சதுக்கத்தில் புறப்பட்டு, கிராசா மேட்டில் ஏறி, அல்ஃபாமாவின் சந்துகளுக்குள் புகுந்து, பேராலயத்தின் வாசலை உரசுவதுபோல் இறங்கி, பைஷா என்னும் சமதளத்தைக் கடந்து, மறுபடி ஷியாதுவுக்கு ஏறி, எஷ்த்ரேலா பசிலிக்காவைத் தாண்டி, கடைசியில் ஒரு கல்லறைத் தோட்டத்தின் வாசலில் போய் நிற்கும். அந்தக் கல்லறையின் பெயர் 'பிரசேரெஷ்', அதாவது இன்பங்கள். கடைசி நிறுத்தம் வந்ததும் எல்லாரும் இறங்கியே ஆகவேண்டும் என்று ஓட்டுநர் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வராமல் இருந்ததில்லை.

உனக்கு வியப்பைத் தரக்கூடிய கணக்கு ஒன்று இருக்கிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை, ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்துக்கே உங்கள் வண்டிக்குப் பல்சக்கரத் தண்டவாளம் தேவைப்படுகிறது. இங்கே பைஷாவிலிருந்து ஷியாதுவுக்குப் போகும் சாவ் ஃபிரான்சிஷ்கு மேட்டில் சரிவு 13 விழுக்காட்டைத் தாண்டுகிறது. அதாவது ஏழரை அடிக்கு ஓர் அடி. பல்லும் இல்லை, கேபிளும் இல்லை. உங்கள் எஞ்சின் பெட்டிகளின் பாரத்தையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டும்; இதுவோ ஒற்றைப் பெட்டி, இருப்பதே இரண்டு அச்சுகள், இரண்டிலும் மோட்டார். ஆகவே வண்டியின் எடை முழுவதும் உந்தும் சக்கரங்களின் மேலேயே அழுந்துகிறது. அதுவும் போதாமல் தண்டவாளம் ஈரமாக இருந்தால், சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தூவுகிறார்கள். பாதையின் அகலம் 900 மில்லிமீட்டர். உங்கள் மீட்டர் பாதையைவிட நூறு மில்லிமீட்டர் குறைவு.

பழைமையின் மேலுள்ள பாசத்தால்தான் இந்த வண்டிகளை வைத்திருக்கிறார்கள் என்று வந்த புதிதில் நானும் நினைத்தேன். உண்மையில் அவற்றைக் காப்பாற்றியது தெருதான். 1755இன் நிலநடுக்கத்துக்குப் பிறகு பைஷாவை நேர்கோட்டுத் தெருக்களாகப் புதிதாகக் கட்டினார்கள். அல்ஃபாமாவோ பெருமளவு தப்பித்து, தன் பழைய முடுக்குகளோடு அப்படியே நின்றுவிட்டது. சில இடங்களில் ஒற்றைத் தண்டவாளத்துக்கு மேல் இடமில்லாததால், எதிர்வண்டி வந்து சேரும்வரை விளக்கு பார்த்துக் காத்திருக்க வேண்டும். கையை நீட்டினால் சுவரைத் தொடலாம். 1995இல் வாங்கிய நீண்ட புதிய டிராம்கள் ஆற்றங்கரையின் சமதளப் பாதையில் ஓடுகின்றன. அவற்றை இந்த வளைவுகளில் திருப்ப முடியாது. அதனால் 1930களில் செய்த பெட்டிகளையே வைத்துக்கொண்டு, தொண்ணூறுகளின் நடுவில் அவற்றுக்கு மோட்டாரையும் பிரேக்கையும் புதிதாக மாற்றினார்கள். சட்டை தாத்தாவுடையது, எலும்பு பேரனுடையது. நம் சென்னையில் மின்சார டிராம் 1895இலேயே ஓடத் தொடங்கியது. லிஸ்பனுக்கு அது வந்தது 1901இல்தான். சென்னையில் நடத்திய நிறுவனம் நொடித்துப்போய் 1953இல் டிராம் நின்றபோது, சமதளத் தெருக்களில் அதன் வேலையைப் பேருந்து எளிதாக எடுத்துக்கொண்டது. இங்கே அந்த எளிமை பேருந்துக்குக் கிடைக்கவில்லை.

டிராம் ஓட்டுபவரை இவர்கள் ஓட்டுநர் என்று சொல்வதில்லை. 'குவார்தா-ஃப்ரெய்யு' என்கிறார்கள், பிரேக்கைக் காப்பவர் என்று பொருள். உன் வேலையின் பெயரேதான்! குதிரை இழுத்த காலத்து நினைவோ, மலைநகரத்தின் அறிவோ, எதனால் அந்தப் பெயர் நின்றது என்று நான் யோசிப்பதை விட்டுவிட்டேன். முன்பக்கத்தில் நின்று ஒரு முறை பார்த்தாலே காரணம் விளங்கிவிடும். சென்ற வியாழக்கிழமை தூறலில் ஒரு பெண் ஓட்டினார். ஏற்றத்தில் அவர் முகத்தில் எந்தக் கவலையும் தெரியவில்லை. இறக்கம் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் கொன்றுவிட்டு, மோட்டாரையே பிரேக்காக வேலை செய்யவிட்டு, காற்று பிரேக்கை அவ்வப்போது தொட்டுக்கொண்டே இறங்கினார். "இறக்கத்தில் பிடிக்கிறவன் ஏமாளி, இறங்குமுன் பிடிக்கிறவன்தான் பிரேக்ஸ்மேன்" என்று நீ ரன்னிமேடு நிலையத்தில் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னது நினைவிருக்கிறதா? பேராலயத்துக்குக் கீழே எவனோ தன் காரின் பின்பகுதி தண்டவாளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்க நிறுத்திவிட்டுப் போயிருந்தான். டிராம் ஒதுங்கிப் போக முடியுமா? அவர் காலால் மணியை அடித்தார், காத்திருந்தார், மறுபடி அடித்தார். எங்களுக்குப் பின்னால் மூன்று டிராம்கள் சேர்ந்த பிறகு அவன் ரொட்டிப் பையுடன் ஓடி வந்தான். அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவன் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

எனக்குப் பிடிக்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். உட்கார இருபது இருக்கைகள்தான் உள்ள இந்தச் சின்னப் பெட்டிக்காக மார்த்திம் மொனிஸில் சுற்றுலாப் பயணிகளின் வரிசை பேருந்து நீளத்துக்கு நிற்கிறது. அவர்களில் நானும் ஒருவன்தான் என்பதை மறக்கவில்லை. ஆனால் கிராசாவில் காய்கறிப் பையோடு நிற்கும் மூதாட்டி, நிரம்பி வழியும் இரண்டு வண்டிகளைப் போகவிட்டு, கடைசியில் மேட்டில் நடந்தே ஏறுவதைப் பார்த்த பிறகு, காலை ஏழு மணிக்கு முன்போ இரவு உணவுக்குப் பின்போ மட்டுமே ஏறுவதென்று வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் பயணிகள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி விசாரித்துக்கொள்கிறார்கள்.

இறக்கத்தில் கேட்கும் ஒரு சத்தம் இருக்கிறது. வளைவில் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தைத் தேய்க்கும் கீச்சு. அதைக் கைப்பேசியில் பதிவுசெய்து உன் மகனுக்கு அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டு, அந்த அம்மாள் எந்த இடத்தில் பிரேக்கை விட்டார் என்று உன்னால் சொல்ல முடிகிறதா என்று எழுது. நான் அந்த இடத்தைக் குறித்து வைத்திருக்கிறேன்.

உன் பழைய நண்பன்,
சுந்தரம்