நோர்வே நாட்டு பெர்கன்லருந்து அக்காவுக்கு

அக்கா,

நல்லா கீறியா? மாமா, பாப்பா, ஆயா எல்லாரும் சௌக்கியமா? ஆயாவ கால் வீக்கத்துக்கு ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனேன்னு சொன்ன, அப்பால இறங்குச்சா இல்லியான்னு சொல்லவே இல்ல. போன்ல பேசுனா அஞ்சு நிமிஷத்துல "சரி வைடா, தண்ணி வந்துட்ச்சி"ன்னு கட் பண்ணிடுற. அதான் டைப் பண்ணி அனுப்புறேன், எல்லாரும் தூங்குனப்புறம் பொறுமையா படி.

போன வாரம் பனில நிக்கிற போட்டோ ஒன்னு ஃபேமிலி குரூப்புல போட்டேனே, அதுக்கு நீ "உனுக்கு இன்னாப்பா, பெரிய எடத்து ஆளாயிட்ட"ன்னு போட்ட. கூட சிரிக்கிற பொம்மை நாலு. மாமா வேற "கொடுத்து வச்சவன்டா"ன்னு ஒரு வாய்ஸ் நோட்டு. மொதல்ல எனுக்கு சுருக்குன்னு இருந்துச்சி, நான் இன்னா எவன் துட்டுலயா ஆடுறேன்னு தோணுச்சி, அப்பால ரெண்டு நாளா அதையே நெனச்சிகினு கீறேன், நீ சொன்னது தப்புன்னும் சொல்ல முடியல, சரின்னு ஒத்துக்கவும் மனசு வரல.

போட்டோல கீற எடம் பேரு வோஸ். பெர்கன்லருந்து ரயில்ல ஒன்னேகால் மணி நேரம். பனில சறுக்கற ஸ்கீ ஆட்டத்துக்கு மலை மேல ஏத்தி வுடுற லிஃப்டுக்கு ஒரு நாள் டிக்கெட்டே 500 குரோனுக்கு மேல, நம்ம கணக்குல 4000 ரூபா வந்துடும், கட்டை, ஷூ, ஹெல்மெட்டு வாடகை தனி. அவ்ளோ துட்டும் மேல ஏறி ஏறி கீழ வுழறதுக்குத்தான். எனுக்கு முன்னாடி அஞ்சு வயசு பொண்ணு ஒன்னு கைல குச்சி கூட இல்லாம சர்ருன்னு போவுது, நான் காலப் பரப்பிகினு சேத்துல மாட்டுன மாடு மாதிரி நிக்கிறேன். அந்த நிக்கிறதத்தான் போட்டோ எடுத்தாங்க, வுழுந்தத எடுக்கல, அதனாலதான் பெரிய எடத்து ஆளு மாதிரி தெரிஞ்சிருக்கும்.

ஒர்க்ஷாப்புல எங்கூட ஒரு பெருசு வேல செய்றாரு, இஞ்சின் கழட்டி மாட்டுறதுல கில்லாடி. மத்தியானம் ரொட்டி மேல பழுப்பு சீஸ வச்சி தின்னுகினு இருக்கும்போது அவராண்ட கேட்டேன், இந்த ஸ்கீ, படகு, மலை மேல ஊடு இதெல்லாம் வசதியானவங்க சமாச்சாரமான்னு. மனுஷன் கடுப்பாயிட்டாரு. பதினாறு வயசுலருந்து வேல செய்றேன், எவனும் சும்மா குடுக்கல, சேத்து வச்சி படகு வாங்குனேன், இதுல சலுகை எங்கருந்து வந்துச்சின்னு கேக்குறாரு. அவரு சொல்றதும் ஞாயம்தான். ஆனா நைனாவும் பதினாலு வயசுல கடலுக்குப் போனவருதானே? உழைப்புக்குத்தான் கூலின்னா நைனா இந்நேரம் நாலு மலைய வெலைக்கி வாங்கிருக்கணும்.

இங்க லீவு எப்டின்னு உனுக்கு சொன்னதே இல்லல்ல. சட்டப்படி வருஷத்துக்கு நாலு வாரமும் ஒரு நாளும், நெறைய கம்பெனில அஞ்சு வாரம். எங்க கம்பெனிலயும் அஞ்சுதான். போன வருஷ சம்பளத்துல 12 சதவீதம் கணக்கு போட்டு, லீவு போறதுக்குன்னே ஜூன் மாசம் கைல குடுத்துடுவாங்க. நாலு வாரக் கணக்குன்னா 10.2 சதவீதம். மேனேஜருக்கு மட்டும் இல்லக்கா, எங்க ஒர்க்ஷாப்பு கூட்டித் தொடைக்க வர அம்மாவுக்கும் உண்டு. மொத தபா அந்த சம்பளச் சீட்டப் பாத்துட்டு ஏதோ தப்பு நடந்துட்ச்சின்னு ஆபீஸ்ல போய்க் கேட்டேன், சும்மா இருக்கச் சொல்லி எவனாச்சும் துட்டு குடுப்பானா?

அதே ஜூன் மாசம் காசிமேட்டுல எப்டி இருக்கும்னு உனுக்கு நான் சொல்லத் தேவையில்ல. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்புடி தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரைல. பாக்குறவனுக்கு அதுவும் லீவு மாதிரிதான் தெரியும், நைனா பகல்ல ஊட்டுல கீறாரு, சீட்டாடுறாரு, டீக்கடைல பேப்பர் படிக்கிறாரு. ஆனா அவரு மொகத்துல ஒரு நாளாச்சும் லீவு களை இருந்துச்சா? கவுர்மெண்டு குடுக்குற நிவாரணத்த வச்சிகினு வலை தைக்க, இஞ்சின் பாக்க, ஸ்கூல் ஃபீஸு கட்டன்னு யாராண்ட கேக்கலாம்னு மனசுக்குள்ள ஒரு லிஸ்ட்டு ஓடிகினே இருக்கும். ரெண்டு மாசம் சும்மா உக்காந்தவருதான், ஒரு மணி நேரம் ஓய்வா உக்காந்தாரான்னா இல்ல.

இவனுங்களுக்கு எண்ணெ கெடச்சிட்ச்சி, அதான் ஆடுறானுங்கன்னு மாமா சொல்லுவாரு. நானும் அப்டித்தான் நெனச்சிகினு இருந்தேன். ஆனா இங்க கடல்ல பெரிய எண்ணெ வயல கண்டுபுடிச்சது 1969ல, மூணு வாரம் லீவுன்னு சட்டம் வந்தது 1947ல. ஜெர்மன்காரன் பூந்து நாட்ட சுரண்டிட்டுப் போயி ரெண்டே வருஷம், துட்டுக்கு சிங்கி அடிச்ச காலம். தொழிலாளிங்க சங்கம் வச்சிப் போராடித்தான் வாங்கிருக்காங்க. நம்ம பக்கம் இன்னா சும்மாவா, நாட்டுலயே மொத மொறையான தொழிற்சங்கம்னு சொல்ற மெட்ராஸ் லேபர் யூனியன் 1918ல நம்ம பெரம்பூர் பின்னி மில்லாண்டதான ஆரம்பிச்சாங்க. மத்தியானம் சோறு துன்ன அரை மணி நேரம் பத்தலன்றதும் அப்ப கேட்டதுல ஒன்னு. சோத்த முழுங்காம மென்னு துன்ன கொஞ்சம் நேரம் குடுன்னு கேட்ட ஏரியாக்காரங்க நம்ம. எண்ணெயின்னா நமக்கு இன்னா கெடச்சது, 2017 ஜனவரில எண்ணூராண்ட ரெண்டு கப்பல் மோதி கருப்பா கரை ஒதுங்குனத பசங்க பக்கெட்டால மொண்டு மொண்டு எடுத்தானுங்களே, அதான்.

நைனாகிட்ட சொல்லாத, ஒரு விஷயம். இங்க கடல்ல தூண்டில் போட துட்டு கட்டத் தேவையில்ல, யார் வேணா ஊட்டுக்கு பிடிச்சினு போலாம். ஆனா சால்மன் ஏறி வர ஆத்துல புடிக்கணும்னா பர்மிட்டு, பேர் போன ஆறா இருந்தா ஒரு நாளுக்கே தீட்டிடுவானுங்க. அவ்ளோ துட்டக் கட்டி, விடியக்காலைல எழுந்து, இடுப்பளவு ஐஸ் தண்ணில நின்னு புடிச்ச மீன திரும்ப தண்ணிலயே வுட்டுட்டு ஊட்டுக்குப் போறவங்களும் கீறாங்க. நைனாவுக்கு இது தெரிஞ்சா என்ன உடனே கெளம்பி வரச் சொல்லுவாரு.

இதெல்லாம் கூட பரவால்ல. ஈஸ்டருக்கு அந்த பெருசு என்ன அவரு மலை ஊட்டுக்கு கூப்டாரு, கோவமெல்லாம் ஆறிட்ச்சி போல. இந்த நாட்டுல மொத்த ஜனமே 56 லட்சம் சுமாருக்குத்தான், ஆனா இந்த மாதிரி லீவு ஊடு மட்டும் 4 லட்சத்துக்கு மேல கீது. நான் பங்களா மாதிரி இருக்கும்னு நல்ல சட்டையா எடுத்துனு போனேன். போய்ப் பாத்தா மரப்பலக ஊடு, கரண்டு இல்ல, குழா இல்ல, கக்கூசு வெளிய ஒரு பொட்டில. காலைல எழுந்ததும் ரெண்டு பக்கெட்ட கைல குடுத்து வா தண்ணி எடுக்கன்னாரு. ஓடை மேல ஐஸ் மூடியிருக்கு, அவரு பொண்ணு அத ஒரு கட்டையால ஒடச்சி ஓட்டை போட்டு மொண்டு குடுக்குது, பெருசு பல்லெல்லாம் தெரிய சிரிச்சிகினே தூக்கினு வராரு, இதான் சார் வாழ்க்கைன்ற மாதிரி. பக்கெட்டு கம்பி என் வெரல்ல அறுக்குது. எனுக்கு சிரிப்பே வரலக்கா. 2019ல ஏரியெல்லாம் வத்திப்போன கோடைல நைட்டு ரெண்டு மணிக்கு லாரி வரும்னு நீ பிங்க் குடம் மூணு, பச்ச குடம் ரெண்டுன்னு லைன்ல போட்டு, நடுவுல எவ குடத்தயோ தள்ளி வுட்டான்னு சண்ட போட்டு, தோள்பட்ட எறங்கிப்போயி ஒரு மாசம் தைலம் தேச்சிகினு இருந்தியே. அதே வேலதான், அதே கனம்தான். இவங்க துட்டு செலவு பண்ணி தூரமா வந்து செய்றாங்க, திங்கக்கெழம ஊட்டுக்குப் போனா குழாவத் தொறந்தா சுடுதண்ணி வரும்னு தெரியும், அதனால இது ஜாலி. வேணாம்னா வுட்டுட்டுப் போலாம், உன்னால முடியுமா?

அங்கதான் பெருசே வாய வுட்டாரு, இந்த ஊடு நான் கட்டல, எங்க தாத்தா கட்டுனது, நாங்க கூடப்பொறந்தவங்க மூணு பேரும் முறை வச்சி வரோம்னு. நான் ஒன்னும் கேக்கல, ஆரஞ்சுப் பழத்த உரிச்சிகினு இருந்தேன் (ஈஸ்டருக்கு மலைல ஆரஞ்சு துன்னலன்னா சாமி குத்தம்ன்ற மாதிரி இங்க ஒரு வழக்கம்).

இங்க இலங்கைத் தமிழருங்க நெறைய பேரு. 80கள்ல வந்து வடக்க, குளிர்காலத்துல சூரியனே வராத ஊர்ல மீன் பேக்டரில மீன் வெட்டுனவங்க. அப்டி ஒரு அண்ணர எனுக்கு தெரியும், இப்ப ரெண்டு புள்ளைங்களும் டாக்டரு, ஸ்கீல பிச்சி ஒதறுதுங்க. அவரு இன்ன வரைக்கும் ஒரு தபா கூட ஸ்கீ கட்டை மேல ஏறல. ஏன்னு கேட்டேன். "தம்பி, நாங்கள் வந்த காலத்திலை லீவெண்டால் நித்திரைதான், வேறை என்ன. இப்ப காசு இருக்கு, உடம்புக்குத்தான் பழக்கமில்லை"ன்னாரு. லீவு நாள்ல கூட விடியக்காலைல எழுந்து ஊட்டுக்கு முன்னாடி பனி வழிச்சினு இருப்பாரு, அவரூட்டது முடிஞ்சா பக்கத்தூட்டுது.

அவர பாக்கும்போதெல்லாம் எனுக்கு உன் ஞாபகம்தான். நம்ம தெருவுல கேரம் போர்டு துட்டு குடுத்தா ஆடுனோம்? மன்றத்து வாசல்ல பல்பு கட்டி நைட்டு பதினோரு மணி வரைக்கும் ஆடுவோம், பவுடரு கூட ஓசி. நீ எப்பனா அதுல ஒரு தபா ஸ்ட்ரைக்கர தொட்டிருக்கியா? பொட்டப்புள்ள அங்க இன்னா வேலன்னு ஆயாவே வுடாது. எனுக்கு பரீட்சைன்னாலும் ஆட்டம்னாலும் குடம் புடிச்சது நீதான். அப்ப நான் நோர்வே வந்து 4000 ரூபா டிக்கெட் வாங்குனப்புறம் பெரிய எடத்து ஆளாவலக்கா, அந்த பல்பு வெளிச்சத்துல கைல துட்டே இல்லாம நின்னப்பவே உன்னவிட நான் பெரிய எடம்தான். மாமா சொன்ன கொடுத்து வச்சவன்றத நான் ஒத்துக்கறேன், ஆனா பனிக்காக இல்ல.

புதுவண்ணாரப்பேட்ட செரியன் நகர் காசிமா 2024ல அமெரிக்கா போயி கேரம் உலகக் கோப்பைல மூணு தங்கம் வாங்குனப்ப இங்க ஒர்க்ஷாப்பு பூரா போன காட்டி பீத்திகினேன், ஆட்டோ ஓட்டுறவரு பொண்ணு, எங்க ஏரியான்னு. கேரம்னா இன்னான்னே இவங்களுக்குத் தெரியல, அது வேற. பாப்பா போன மாசம் எங்கிட்ட தனியா போன் பண்ணி அந்த கோச்சிங்ல சேத்து வுட சொல்லு மாமான்னு கேட்டுச்சி, உங்கிட்ட கேட்டா படிப்பு கெட்டுடும்னு திட்டுவியாம்.

ஜூன்ல அந்த லீவு துட்டு வரும், அதுல ஒரு பங்கு உனுக்கு அனுப்புறேன். இத சீட்டுல போடாத, நகைக்கும் வேணாம், மாமா படகு கடனுக்கு நான் தனியா அனுப்பிடுறேன், அத இதுல சேக்காத. கோச்சிங்குக்கு மாசம் எவ்ளோ, சாயங்காலம் எத்தன மணிக்குன்னு கேட்டு சொல்லு. பெரிய போர்டு ஒன்னு வாங்கிடலாம், பீரோவ ஜன்னல் பக்கம் நகத்துனா எடம் வரும். போர்டு வந்தா ஞாயித்துக்கெழம மத்தியானம் பாப்பா எதுர்ல நீதான் உக்காரணும். மீன் கொழம்ப மாமா வைக்கட்டும், படகுல பத்து பேருக்கு வைக்கிறவருதான, ஊட்டுல மட்டும் கை வராதா இன்னா.

உன் தம்பி