பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து ஓட்டை என்று எழுதாதீர்கள்

நிறுவனங்களில் பாதுகாப்புத் தணிக்கை பார்க்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கிறவன். வருஷத்துக்கு இரண்டு முறையாவது உங்களில் ஒருவரிடமிருந்து எனக்கு ஓர் எக்செல் ஃபைல் வரும். வரிக்கு ஒரு சிவிஇ எண் (தெரியவந்த பாதுகாப்பு ஓட்டைக்குத் தரும் அடையாள எண்), பக்கத்தில் பேக்கேஜின், அதாவது நிறுவத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருளின், பெயர், பதிப்பு எண், சிவப்பில் 'கிரிட்டிக்கல்'. ஏழு நாளில் சரிசெய்யச் சொல்லி ஒரு குறிப்பும் இருக்கும். அந்த ஃபைலைப் பற்றித்தான் இந்த மடல். உங்கள் வேலை அவசியமான வேலை. அது இன்னும் சரியாக நடக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2014 ஏப்ரலில் வந்த ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை உங்களுக்கு நினைவிருக்கும். அதன் எண் சிவிஇ-2014-0160. இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை பாதிப்பு, 1.0.1ஜி-யில் சரியானது. அப்போது டெபியன் என்ற லினக்ஸ் வகையின் நிலையான வெளியீடான வீஸியில் இருந்தது 1.0.1இ. டெபியன்காரர்கள் புதுப் பதிப்புக்குத் தாவவில்லை. ஓட்டையை அடைக்கும் மாற்றத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே சேர்த்து, 1.0.1இ-2+டெப்7யு5 என்று வெளியிட்டார்கள். பேக்போர்ட் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். பதிப்பு எண்ணின் முன்பகுதியை மட்டும் படித்து ஓட்டை தேடும் ஸ்கேனருக்கு அது இன்னும் ஓட்டை உள்ள 1.0.1இ. விஷயமெல்லாம் வாலில் இருக்கும் அந்த 'யு5'-இல் இருக்கிறது. அதற்கும் முந்தைய ஸ்குவீஸில் இருந்தது 0.9.8. அந்த ஓட்டை இருந்த ஹார்ட்பீட் என்ற வசதியே அதில் கிடையாது, அதனால் ஓட்டையும் கிடையாது. பழைய பதிப்பு என்பதாலேயே தப்பித்தது.

இதையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து பார்த்து எழுதிவைத்திருக்கிறார் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்று கேட்கிறேன். எந்த ஓட்டை டெபியனை எப்படிப் பாதிக்கிறது என்று காட்டும் செக்யூரிட்டி டிராக்கர் என்ற தளத்துக்கு அடியில் இருப்பது ஒரு பெரிய டெக்ஸ்ட் ஃபைல். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற அமைப்பில், யார் வேண்டுமானாலும் படிக்கும்படி கிடக்கிறது. புது சிவிஇ எண்கள் அதில் தானாக வந்து சேர்ந்து, 'டூடூ: செக்' என்ற குறிப்போடு காத்திருக்கும். ஒருவர் திறந்து பார்ப்பார். டெபியனில் இல்லாத மென்பொருள் என்றால் 'நாட்-ஃபார்-அஸ்' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவார். இருக்கிற மென்பொருள் என்றால்தான் வேலையே ஆரம்பம். பிழை எந்த கமிட்டில் (பதிவான ஒரு நிரல் மாற்றத்தில்) நுழைந்தது, நம் பதிப்பில் அந்த நிரல் இருக்கிறதா, மூலத் திட்டம் எந்த கமிட்டில் சரிசெய்தது என்று ஒவ்வொன்றாகத் தேடுவார். பழுதான நிரலே இல்லையென்றால் 'நாட்-அஃபெக்டட்' என்று போட்டு, பக்கத்தில் காரணத்தையும் எழுதுவார். பிழை உண்டு, ஆனால் தனி அறிவிப்பு விடும் அளவுக்குப் பெரிதில்லை என்றால் 'நோ-டிஎஸ்ஏ'. பாதுகாப்பு என்ற கணக்கில் பொருட்படுத்த வேண்டாதது என்றால் 'அன்இம்பார்ட்டன்ட்'. பெரும்பாலும் தன்னார்வலர்கள் நாள்தோறும் செய்யும் வேலை இது. உங்கள் எக்செலில் இந்த வேலையின் சுவடே இல்லை.

சிவிஇ என்பது ஒரு பெயர். எல்லோரும் ஒரே பிழையை ஒரே பெயரால் சொல்லவேண்டும் என்று 1999-இல் தொடங்கிய ஏற்பாடு அது. எவ்வளவு ஆபத்து என்பது தனிக் கேள்வி, அதற்கு வரும் மதிப்பெண் தவறாகவும் போகலாம். 2023 ஆகஸ்டில், இணையத்தில் தரவு அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் என்ற மென்பொருள் திட்டத்துக்கு நடந்ததைப் பாருங்கள். மறுமுயற்சிக்கு எத்தனை விநாடி காத்திருப்பது என்று சொல்லும் ஆப்ஷனில் மிகப் பெரிய எண்ணைக் கொடுத்தால் அது இடம் கொள்ளாமல் கணக்கு தவறிவிடும் என்ற சின்னப் பிழை. 2019-இலேயே சரிசெய்தாயிற்று. திட்டத்தில் யாரையும் கேட்காமல் எவரோ அதற்கு சிவிஇ-2020-19909 என்ற எண் வாங்க, அமெரிக்க அரசின் ஓட்டைத் தரவுத்தளமான என்விடி அதன் ஆபத்துக்குப் பத்துக்கு 9.8 கொடுத்தது. கர்லை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பெர்க் வெளிப்படையாக எதிர்த்த பிறகு அது 3.3-க்கு இறங்கியது. இடைப்பட்ட நாட்களில் 9.8-ஐப் பார்த்து எத்தனை பேர் தூக்கம் கெட்டார்களோ. அடுத்த ஜனவரியில் கர்ல் திட்டம் தன் மென்பொருளுக்குத் தானே எண் வழங்கும் உரிமையைப் பெற்றது. பிப்ரவரியில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலும் பெற்றது. கெர்னலில் ஏறக்குறைய எந்தப் பிழையும் பாதுகாப்புப் பிழையாக மாறலாம் என்பது அவர்கள் நிலை, ஆகவே எண்கள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. சர்வரில் எத்தனை சிவிஇ என்று கூட்டிச் சொன்னால் இப்போது அதற்கு அர்த்தமே இல்லை.

சில வருஷங்களுக்கு முன் நான் பார்த்துக்கொண்டிருந்த ஓரிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வெப் சர்வர் பேக்கேஜின் பதிப்பு எண்ணைக் காட்டி, இது பழையது, சிவப்பு போகாமல் கையெழுத்துப் போட மாட்டோம் என்றார்கள். டிராக்கரின் பக்கத்தைக் காட்டினேன், ஏற்கவில்லை. வேறு வழியில்லாமல் மூல நிரலை இறக்கி, கையால் கம்பைல் செய்து போட்டோம். ரிப்போர்ட் பச்சையானது. அந்த நிமிஷத்திலிருந்து அந்த மென்பொருள் டெபியனின் கண்காணிப்பை விட்டு வெளியே போய்விட்டது. பேக்கேஜ்களைப் புதுப்பிக்கும் 'ஆப்ட் அப்கிரேட்' கட்டளை அதைத் தொடாது. நான் அந்த வேலையை விட்ட பிறகு வந்தவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. பல மாதம் ஒரு பேட்ச்கூட இல்லாமல் அது இணையத்தைப் பார்த்தபடி ஓடியிருக்கிறது. பச்சை வாங்குவதற்காக ஒரு நல்ல சர்வரை நானே கெடுத்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

புதியது என்றால் பத்திரம் என்ற நம்பிக்கையை 2024 மார்ச் 29 உடைத்தது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை விநாடி தாமதமாவது ஏன் என்று தோண்டிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ பின்கதவு வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். அன்று அவை இரண்டுமே ஆகப் புதியவை. நிலையான டெபியன் வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சோதனைக் கிளைகளில் பின்வாங்கிய டெபியன், பேக்கேஜுக்கு 5.6.1+ரியலி5.4.5-1 என்று பெயரிட்டது. உள்ளே இருப்பது 5.4.5, பெயரில் முதலில் நிற்பது 5.6.1. இதை உங்கள் ஸ்கேனர் எப்படிப் படிக்கும் என்று தயவுசெய்து ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. டெபியன், உபுண்டு, ரெட் ஹேட் எல்லாமே தங்கள் முடிவுகளை இயந்திரம் படிக்கும் வடிவிலும் வெளியிடுகின்றன. ஸ்கேனரை அந்தத் தரவோடு இணையுங்கள். 'நாட்-அஃபெக்டட்' என்று காரணத்தோடு எழுதியிருந்தால் அதை ஆதாரமாக ஏற்றுக்கொள்ளுங்கள். அது தவறு என்று பட்டால் டெபியனுக்கே எழுதுங்கள், திருத்துவார்கள். பேக்கேஜைப் பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னருக்குக் கெடு வைத்து மெயில் அனுப்ப வேண்டாம், அவர் உங்கள் சம்பளத்தில் இல்லை. பழைய வெளியீடுகளுக்குத் தொடர்ந்து பேட்ச் கொடுக்கும் டெபியன் எல்டிஎஸ் நிறுவனங்களின் பணத்தில்தான் நடக்கிறது. உங்கள் நிறுவனம் அவற்றை இன்னும் ஓட்டுகிறது என்றால், அதற்கும் ஒரு தொகை ஒதுக்கச் சொல்லி மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள். தணிக்கையாளர் சொன்னால் கேட்பார்கள், நாங்கள் சொன்னால் கேட்பதில்லை.

அப்புறம், அடுத்த எக்செலில் பதிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் 'டிராக்கர் என்ன சொல்கிறது' என்று ஒரு நெடுவரிசை சேர்த்து அனுப்புங்கள். முதல் முறை அதை நிரப்ப நானும் கூட உட்காருகிறேன்.

அன்புடன்,
ஒரு சர்வர் பராமரிப்பாளர்