லேமினேட் செய்து வைத்த நிராகரிப்புக் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டம் பற்றிய செய்தியை உங்கள் நாளிதழில் படத்துடன் பார்த்தேன். வீட்டுமனைப் பட்டா, பாதை ஆக்கிரமிப்பு, மகளின் கல்வி உதவித்தொகை என்று வந்த மனுக்களைப் பட்டியலிட்டிருந்தீர்கள். சேவையால் வந்த நோய்க்கும் காயத்துக்கும் தரும் ஊன ஓய்வூதியம் பற்றி ஒரு மனுகூட அதில் இல்லை. எனக்கு வியப்பில்லை. தனக்கு அப்படி ஒன்று உண்டு என்று தெரிந்தவன்தானே மனு எழுதுவான்!

நான் ராணுவத்தில் எழுத்தராக இருந்து சுபேதாராக ஓய்வுபெற்றவன். துப்பாக்கியைவிடப் பேனாவைத்தான் அதிகம் பிடித்தேன் என்று கூட இருந்தவர்கள் கேலி செய்வார்கள். அந்தப் பழக்கம் இப்போது பயன்படுகிறது. வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர்கள் உண்டு. சுற்றுவட்டாரத்தில் யாருக்காவது பென்ஷன் காகிதம் புரியவில்லை என்றால் மஞ்சள் பையோடு என் திண்ணைக்கு வந்துவிடுவார்கள்.

அப்படி வந்தவர்தான், நாயக் என்ற கீழ்நிலைப் பதவியில் ஓய்வுபெற்ற ஒருவர். இருபத்திரண்டு ஆண்டு சேவை முடித்து 2009இல் ஊர் திரும்பியவர். வங்கியில் வரும் தொகை சரிதானா என்று பார்க்கச் சொன்னார். பையிலிருந்து டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை, பாஸ்புக் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியாக, லேமினேட் செய்த ஒரு கடிதத்தைப் பத்திரமாக எடுத்து வைத்தார். "இதுதான் சாப், ஊனத்துக்கான ஆர்டர். முப்பது சதவீதம், வாழ்நாள் முழுவதும் என்று போட்டிருக்கிறார்கள்" என்றார்.

படித்தேன். முப்பது சதவீதம் என்பது உண்மை. வாழ்நாள் முழுவதும் என்பதும் உண்மை. அடுத்த வரியில், அந்த நோய்க்கும் ராணுவ சேவைக்கும் தொடர்பில்லை, ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது என்று இருந்தது. ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பது கடைசிப் பத்தியில். எல்லாம் ஆங்கிலத்தில். மழையில் நனைந்துவிடக் கூடாது என்று மனைவி கடையில் கொடுத்து லேமினேட் செய்து, பீரோவில் நகைப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறார். மேல்முறையீட்டுக்கான அந்த ஆறு மாதமும் அந்தப் பெட்டிக்கு அடியிலேயே கழிந்துவிட்டது. சொல்லத்தான் வேண்டியிருந்தது, சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த அம்மாதான், "அப்படியென்றால் இத்தனை வருஷம் வந்த பணத்தில் இது சேரவே இல்லையா அண்ணா?" என்று கேட்டார்.

விதி சிக்கலானது அல்ல. ஊனம் இருபது சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அது சேவையால் வந்ததாகவோ, சேவையால் முற்றியதாகவோ இருக்க வேண்டும். ஓய்வுபெறும்போது கூடும் மெடிக்கல் போர்டு, அதாவது ராணுவ மருத்துவர்கள் குழு, இரண்டையும் எழுதும். பெரும்பாலும் தகராறு இரண்டாவதில்தான். 'வந்ததும் அல்ல, முற்றியதும் அல்ல' என்பதற்கு ஆங்கிலச் சுருக்கம் என்.ஏ.என்.ஏ. எங்கள் ஆட்கள் அதை 'நானா' என்பார்கள். தமிழ்க் காதில் அது "நோய்க்குக் காரணம் நானா?" என்று ஜவானே கேட்பதுபோல விழுகிறது. போர்டின் பதிலும் ஏறக்குறைய "ஆமாம், நீதான்" என்பதே.

நாயக்குக்கு வந்தது ரத்த அழுத்தம். அமைதிப் பகுதியில் பணியாற்றியபோது கண்டறியப்பட்டது, அதனால் சேவைக்குத் தொடர்பில்லை என்று போர்டு ஒரே வரியில் முடித்திருந்தது. பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதிப் போர்டு அறிக்கையின் நகலை வாங்கினோம். ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 என்ற படிவம் அது. அதன் முதல் பகுதியில் எந்த ஆண்டு எங்கே பணியாற்றினார் என்ற அட்டவணை இருக்கும். அமைதிப் பகுதி என்றால் 'பி', களப் பகுதி என்றால் 'எஃப்'. அமைதிப் பகுதிக்கு வருவதற்கு முந்தைய வரிகளில் வரிசையாக 'எஃப்', 'எஃப்', 'எஃப்'. பனிமலையில் வருஷக்கணக்கில் இருந்துவிட்டுக் கீழே இறங்கியவனுக்கு நோயைக் கண்டுபிடித்த இடம் அமைதிப் பகுதி, அவ்வளவுதான். மறுப்பு எழுதிய அதே படிவத்தின் முன்பக்கங்களில் அதற்கான பதிலும் இருந்தது. யாரும் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

இதற்கெல்லாம் உச்ச நீதிமன்றம் எப்போதோ வழிசொல்லிவிட்டது. சிக்னல் படைப் பிரிவின் சிப்பாய் தரம்வீர் சிங் வலிப்பு நோய்க்காக 1994இல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். 2013இல் வந்த அவர் வழக்கின் தீர்ப்பு இது: பணியில் சேரும்போது நோய் இருந்ததாகப் பதிவு இல்லையென்றால் அது சேவையில் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ஜவானுடையது அல்ல. 2014இல் ராம் அவதார் வழக்கில் இன்னொன்று தெளிவானது. ஐம்பதுக்குக் குறைவான ஊனத்தை ஐம்பதாக உயர்த்திக் கணக்கிடும் சலுகை, நோயால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டுமல்ல, முழு சேவை முடித்தவர்களுக்கும் உண்டு. நூறு சதவீத ஊனம் என்றால் கடைசிச் சம்பளத்தில் முப்பது சதவீதம் என்பது கணக்கு. ஆக, முப்பது சதவீத ஊனத்துக்கு வரும் ஒன்பது சதவீதம், இந்தச் சலுகையால் பதினைந்தாகிறது. ஒரு நாயக்கின் வீட்டில் அது மாதாந்திர மருந்துச் செலவு. (2023 செப்டம்பர் 21க்குப் பிறகு ஓய்வுபெறுகிறவர்களுக்கு விதிகளும் பெயர்களும் மாறிவிட்டன. அவர்கள் பழைய தீர்ப்புகளை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.)

காலம் கடந்துவிட்டதே என்று உட்கார்ந்துவிட்டவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பென்ஷன் மாதாமாதம் பிறக்கும் உரிமை. தாமதமாகப் போனாலும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் கேட்கும். சென்னையிலேயே அதன் அமர்வு இருக்கிறது. பல வழக்குகளில், மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டு அரியரோடு நிறுத்தியிருக்கிறார்கள். எங்கள் நாயக்கின் மனு இப்போது அங்கேதான் இருக்கிறது.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்கக் கூடாது. மருத்துவத் தரம் இறங்கினால் பதவி உயர்வு நின்றுவிடும் என்று பயந்து, காது கேட்காததையும் முதுகு வலியையும் ஆண்டுக்கணக்கில் மறைப்பவர்கள் ஏராளம். இரவில் தூக்கமில்லை என்று டாக்டரிடம் சொல்வதைவிடச் சுவரிடம் சொல்லலாம் என்று நினைப்பவர்கள் அதைவிட அதிகம். ஓய்வு நாள் வந்ததும் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில், நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறோம். பதிவே இல்லாத நோய்க்கு எந்தத் தீர்ப்பைக் காட்டி வாதாடுவது? அந்தக் கையெழுத்துகளை வாங்கியவர்களில் நானும் ஒருவன் என்பதால் எனக்கு இது கொஞ்சம் உறுத்தும்.

ஊன ஓய்வூதியத்துடன் ஓய்வுபெறும் அதிகாரிகளின் விகிதம் ஜவான்களின் விகிதத்தைவிட அதிகம் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023ஆம் ஆண்டு அறிக்கை காட்டியது. அதிகாரிகள் பொய் சொல்லி வாங்குகிறார்கள் என்று சிலர் அதைப் படித்தார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. அதிகாரிக்கு அந்தப் படிவத்தைப் படிக்கத் தெரியும். பத்து மூட்டை கோதுமைக்கு ரசீது கேட்கும் ராணுவம், ஜவானின் உடம்புக்கு எழுதிய ரசீதை அவனுக்குப் புரியும்படி கொடுப்பதில்லை.

இந்த இடைவெளியில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். அரியரில் மூன்றில் ஒரு பங்கு என்று பேசி, வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன ஒருவரைத் துரத்திப் பிடித்துக் காகிதங்களைத் திரும்ப வாங்கியிருக்கிறேன். அசல் டிஸ்சார்ஜ் புக்கை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று வருகிறவர்களிடம் தலையில் அடித்துக்கொண்டு சொல்கிறேன்.

படைவீரர் குடும்பங்களுக்கு இலவச சட்ட உதவி தர 2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களிலேயே உதவி மையங்கள் அமைப்பது அதன் நோக்கம். நல்லது. அந்த நாற்காலியில் சட்டம் படித்தவரோடு மெடிக்கல் போர்டு காகிதம் படிக்கத் தெரிந்த ஒருவரும் உட்கார வேண்டும். மாவட்டத்துக்கு மாவட்டம் ஓய்வுபெற்ற எழுத்தர்களும் ராணுவ மருத்துவ உதவியாளர்களும் சும்மாதான் இருக்கிறார்கள். சம்பளம் வேண்டாம், பஸ் கட்டணமும் ஒரு மேசையும் கொடுத்தால் வருவார்கள். நான் வருவேன்.

இன்னொன்று அதைவிடச் சிறியது. நிராகரிப்புக் கடிதத்தின் மேல்பகுதியில், ஜவானின் தாய்மொழியில் இரண்டு வரி: உங்கள் கோரிக்கை மறுக்கப்பட்டிருக்கிறது, இந்தத் தேதிக்குள் இந்த முகவரிக்கு மேல்முறையீடு செய்யலாம். பணியில் சேரும்போதே தாய்மொழி என்ன என்று ராணுவம் எழுதி வாங்குகிறதே, அந்தப் பதிவு எதற்கு இருக்கிறது?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர்,
வேலூர் மாவட்டம்.