ரஃப்புன்னா எல்லாமே கரடுமுரடு இல்லீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

தெனமும் டீக்கடைல உங்க பேப்பரத்தான் படிப்பேன், நேத்து உலகச் செய்தில லண்டன்ல "கரடுமுரடாகத் தூங்குபவர்கள்"னு போட்டிருந்தீங்க, பக்கத்துல இருந்தவர் கொறட்டை விடுறவங்களான்னு என்னையக் கேக்குறார். அவங்க இங்கிலீஷ்ல ரஃப் ஸ்லீப்பர்ஸுங்க, வீடு வாசல் இல்லாம கடை வாசல்லயும் பஸ் ஸ்டாண்ட்லயும் படுக்குற ஜனங்க. பிளாட்பாரத்துல படுக்குறவங்கன்னு எழுதிருந்தா போதுமே.

நான் முப்பது வருஷம் தச்சு வேலை பாத்தவன். உப்புத்தாள் போடாத பலகைய தடவுனா கைல சிராய் ஏறும், அது ரஃப். கட்டில் செய்ய எவ்ளோ ஆகும்னு கேட்டா "ரஃபா ஒரு இருவதாயிரம்"னு நானே சொல்லுவேன், அது குத்துமதிப்பு. எம் பொண்ணோட ரஃப் நோட்டு இருக்கே, பாதி கணக்கு பாதி பொம்மை, அதுல என்ன கரடுமுரடு? 1905ல தென்னாப்பிரிக்காவுல எடுத்த கல்லினன் வைரம் 3106 காரட், அதையும் ரஃப் டைமண்டுன்னுதான் சொல்லுவாங்க, நமக்கு அது பட்டை தீட்டாத வைரம்.

விளையாட்டுப் பக்கம் இன்னும் மோசம். ஸ்பின்னர் "கரடுமுரடாகப் பந்து வீசினார்"னு போட்டிருக்கீங்க, அவர் என்ன கல்லா எறிஞ்சார்? பௌலருங்க ஓடி வந்து போட்டுட்டு கால் ஊன்றப்போ ஷூ ஆணி பட்டு பிட்ச் பேந்து போகுமில்ல, அந்த எடந்தான் ரஃப், அதுல பந்து குத்துச்சுன்னா எப்படித் திரும்பும்னு யாருக்கும் தெரியாது. 1998 மார்ச்ல சேப்பாக்கத்துல ஆஸ்திரேலியா ஸ்பின்னர் ஷேன் வார்ன் அங்கதான் குறி வச்சார். சச்சின் அதுக்காகவே முன்னாடியே நம்ம ஊரு பழைய ஸ்பின்னர் லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன லெக் ஸ்டம்புக்கு வெளிய ரஃப்ல போடச் சொல்லி பிராக்டிஸ் பண்ணினார், மொத இன்னிங்ஸ்ல 4 ரன்ல வார்ன்கிட்டயே அவுட்டாகி, ரெண்டாவதுல அவுட்டே ஆகாம 155 அடிச்சார். கேலரில ஒக்காந்து தொண்டை கிழிய கத்துனவன் நான்.

மெஷின்ல போட்டு மொழிபெயர்க்குறீங்களோ என்னவோ, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி கிரிக்கெட் பாக்குற பையன் யாராச்சும் ஒருத்தன்கிட்ட அந்தப் பக்கத்தக் காட்டிடுங்க ஐயா.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன், சைதாப்பேட்டை