போட்டிக்கு முன் நடுங்கும் பிள்ளைகள்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

உன்னிடம் ஓட்டப் பயிற்சி எடுக்கிற, போனில் நீ சொன்ன அந்த 13 வயதுப் பிள்ளையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பயிற்சியில் 200 மீட்டரை அலட்டிக்கொள்ளாமல் ஓடுகிறாள், போட்டி என்று வந்தால் வாந்தி எடுக்கிறாள், கை சில்லிட்டுவிடுகிறது, கடைசி 50 மீட்டரில் உடம்பு விறைத்துப்போகிறது என்றாய். "அவ பயத்த எப்படிப்பா போக்குறது?" என்று கேட்டாய். இத்தனை வருஷம் விளையாட்டு ஆசிரியராக இருந்ததில் தெரிந்துகொண்டதை எல்லாம் போனில் சொல்லி முடிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

அந்தப் பயத்தைப் போக்க முயற்சி செய்யாதே. போகாது, போகவும் தேவையில்லை. போட்டிக்கு முன் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. ரத்தம் வயிற்றையும் தோலையும் விட்டு ஓடப்போகிற தசைகளுக்குத் திரும்புகிறது. அதனால்தான் வயிறு புரட்டுகிறது, விரல் சில்லிடுகிறது. உடம்பு ஓடுவதற்குத் தயாராகிறது, அவ்வளவுதான். ஆனால் இதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். 'எனக்கு மட்டும்தான் இப்படி ஆகுது, எனக்குத் தைரியம் கிடையாது' என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருப்பாள். அந்த முடிவுதான் அவளைப் படுத்துகிறது. போட்டி நாளில் போய் விளக்கிக்கொண்டிருக்காதே. சாதாரணப் பயிற்சி நாளில், எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்துச் சொல்லு. யார் யாருக்கு வயிறு புரட்டும் என்று கேள். கைகள் ஒவ்வொன்றாக எழும். உன்னுடைய வேகமான பையனும் கை தூக்குவான், பாரேன். அதை அவள் பார்க்க வேண்டும்.

'பதற்றப்படாதே, அமைதியா இரு' என்று சொல்வது நம் எல்லோருக்கும் பழக்கம். குதிக்கிற இதயத்தைச் சொல்லால் நிறுத்த முடியாது. 2014-ல் ஹார்வர்டைச் சேர்ந்த அலிசன் வுட் ப்ரூக்ஸ் என்ற ஆய்வாளர், பாடுவது, மேடைப்பேச்சு, கணக்கு என்று பதற்றம் தருகிற வேலைகளில் ஆட்களை இறக்கிப் பார்த்தார். அமைதியாக இருக்க முயன்றவர்களைவிட, 'எனக்கு உற்சாகமா இருக்கு' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். பதற்றத்திலும் உற்சாகத்திலும் இதயம் ஒரே மாதிரிதான் துடிக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது, ஒரேயடியாக அமைதியாவதைவிட எளிது. அந்தப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடு.

இனி அந்தக் கடைசி 50 மீட்டர் விஷயம். இதில்தான் பயிற்சியாளர்கள் நிறையக் கெடுத்துவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

1993 விம்பிள்டன் டென்னிஸ் இறுதி ஆட்டம். ஸ்டெஃபி கிராஃபுக்கு எதிராக யானா நோவோட்னா மூன்றாவது செட்டில் 4-1 என்று முன்னால் இருந்தார். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் 5-1. அந்த இடத்தில் டபுள் ஃபால்ட், இரண்டு சர்வீஸும் தவறு. அதற்கப்புறம் ஆட்டமே கையை விட்டுப் போனது. அடுத்த ஐந்து கேமையும் கிராஃப் எடுத்துக் கோப்பையை வென்றார். பரிசளிப்பின்போது கென்ட் சீமாட்டியின் தோளில் சாய்ந்து நோவோட்னா அழுதது உலகம் முழுக்கத் தெரியும். சின்ன வயதிலிருந்து லட்சக்கணக்கான முறை செய்த சர்வீஸ், அந்த நேரத்தில் எப்படி மறந்துபோகும்? மறக்கவில்லை. பழகிய திறமை உடம்பில் தானாக ஓடும். நெருக்கடி வந்ததும் மனசு உள்ளே புகுந்து ஒவ்வோர் அசைவையும் மேற்பார்வை பார்க்க ஆரம்பிக்கும். முழங்கை எங்கே இருக்கிறது, பந்தை எவ்வளவு உயரம் தூக்குகிறோம் என்று யோசித்த நிமிஷமே அந்த ஓட்டம் தடைப்படும். படிக்கட்டில் இறங்கும்போது எந்தக் கால் எந்தப் படியில் என்று யோசித்துப் பார், உடனே தடுக்கும்.

அதே நோவோட்னா 1998-ல் அதே மைதானத்தில் கோப்பையைத் தூக்கினார். பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது இந்தப் பகுதியை விட்டுவிடாதே.

அதனால் ஓட்டத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் நின்றுகொண்டு 'முட்டியைத் தூக்கு, தோளைத் தளர்த்து, கையை ஆட்டு' என்று அடுக்காதே. அக்கறையில் சொல்கிறாய், ஆனால் மேற்பார்வை பார்க்கிற அந்த ஆளை நீயே அவள் மண்டைக்குள் அனுப்புகிறாய். திருத்தங்கள் எல்லாம் பயிற்சியோடு முடியட்டும். போட்டியில் ஒரே ஒரு சொல் போதும், அதுவும் உடம்புக்கு வெளியே இருப்பதைப் பற்றியதாக இருக்கட்டும். கேப்ரியல் வுல்ஃப் என்ற ஆய்வாளர் 1990-களிலிருந்து காட்டிவந்த விஷயம் இது: தன் கை கால் அசைவில் கவனம் வைப்பவரைவிட, அந்த அசைவால் வெளியே நடக்கிற விளைவில் கவனம் வைப்பவர் நன்றாகச் செய்கிறார். 'காலை வேகமாக நீட்டு' என்பதைவிட 'தரையைப் பின்னால் தள்ளு' மேல். அந்தச் சொல்லை அவளே தேர்ந்தெடுக்கட்டும்.

மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னாய். நல்லது. உள்ளிழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும், அப்போதுதான் இதயத்துடிப்பு இறங்கும். ஆனால் போட்டி நாளில் மட்டும் எடுத்துக் காட்டினால் பலிக்காது. வார்ம்-அப் மாதிரி தினமும் செய்து பழகியிருந்தால்தான் தேவைப்படும்போது கை கொடுக்கும். அதே மாதிரி, பயிற்சியிலேயே சில தொந்தரவுகளை வேண்டுமென்றே கொண்டுவா. லேனை மாற்று, விசிலைத் தாமதமாக ஊது, மற்றவர்களைச் சத்தம் போடச் சொல். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளை நீச்சல் இறுதியில் மைக்கேல் ஃபெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து ஒன்றுமே தெரியாமல் போனது. எத்தனை வீச்சில் சுவர் வரும் என்று பழகியிருந்ததால் எண்ணிக்கொண்டே நீந்தி 1:52.03 என்ற உலக சாதனையோடு தங்கம் எடுத்தார். அவருக்கும் அன்றைக்கு எரிச்சல் வந்திருக்கும். ஆனால் கண் தெரியாதபோது என்ன செய்வது என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

இதெல்லாம் சரி. ஆனால் நான் உனக்குச் சொல்ல வந்தது இதைவிடப் பெரியது. ஒரு பிள்ளை ஓடும்போது அவள் மனசில் ஒரு கேள்வி இருக்கும்: 'நான் தோத்துட்டா இவங்க என்னை எப்படிப் பாப்பாங்க?' அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஓடுகிற பிள்ளைக்கு எந்த உத்தியும் முழுசாக உதவாது. பதில் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், நீ சொல்லி அல்ல, நீ நடந்துகொண்டதைப் பார்த்து. கடைசியாக வந்த பிள்ளையிடம் நீ எப்படிப் பேசுகிறாய் என்பதை முதலில் வந்த பிள்ளையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். 'நாளைக்கு நமக்கும் இதுதான்' என்று கணக்குப் போடுகிறாள். தோற்ற பிள்ளையின் பெயரை அதே குரலில் கூப்பிடு. அவளுடைய பையை யாராவது எடுத்து வைத்திருந்தால் அது போதும். ஏன் தோற்றாய் என்று அந்த நேரத்தில் கேட்காதே. ஒரு ராத்திரி தூங்கி எழட்டும். அடுத்த பயிற்சியில் எது நன்றாக இருந்தது, அடுத்த முறை எதை மாற்றிப் பார்க்கலாம் என்று அவளையே சொல்லவை. முதலில் நன்றாக இருந்ததைச் சொல்ல வேண்டும். அது பிள்ளைகளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தால் உனக்கே ஆச்சரியமாக இருக்கும்.

பாராட்டிலும் கவனம் வேண்டும். 'நீ பிறவியிலேயே ஓட்டக்காரி' என்று சொன்னால் கேட்க இனிக்கும். 1998-ல் முல்லர், ட்வெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்தார்கள். புத்திசாலி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்து எளிதான வேலையைத் தேடினார்கள், ஒரு தடவை தோற்றதும் தளர்ந்தார்கள், மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். உழைத்ததற்காகப் பாராட்டப்பட்டவர்கள் கடினமானதை எடுத்துப் பார்த்தார்கள். அதற்காக எதற்கெடுத்தாலும் 'நல்லா முயற்சி பண்ணே' என்று சொல்லாதே. அது பொய் என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். என்ன செய்தாள் என்று குறிப்பாகச் சொல்லு: 'வளைவில் பின்தங்கினாய், இருந்தாலும் நேர்ப்பாதையில் விடாமல் பிடித்தாய்.'

பெற்றோர்கள் விஷயம் உனக்குப் பெரிய தலைவலியாக இருக்கும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நேரத்தையும் பணத்தையும் கொட்டுகிறார்கள், பயம் அவர்களுக்கும் இருக்கிறது. ஆனால் கேலரியிலிருந்து அப்பா கத்துகிற ஒவ்வோர் உத்தரவும் பிள்ளைக்கு இரண்டாவது பயிற்சியாளர். வீட்டுக்குப் போகிற வழியில் நடக்கிற விசாரணை இன்னும் மோசம். தப்பித்துப் போக இடமில்லாத இடத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கிறது. சீசன் தொடங்குவதற்கு முன்பே எல்லோரையும் கூப்பிட்டுப் பேசு. எதைச் செய்யக்கூடாது என்று நீளமாகச் சொன்னால் மனசு புண்படும். 'நீ ஓடுறதப் பாக்க எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு' என்ற ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, மிச்சத்தை உன்னிடம் விடச் சொல். நீ உறுதியாக நிற்க வேண்டிய இடம் இது. இதில் மட்டும் யார் முகத்துக்காகவும் வளைந்து கொடுக்காதே.

இன்னொன்று. எல்லாவற்றையும் மனசின் தலையில் போடாதே. 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. பரீட்சைக் காலத்தில் பாதி பிள்ளைகளுக்கு அது கிடைப்பதில்லை. 'கவனமே இல்லை' என்று நாம் திட்டுகிற பிள்ளைக்குத் தூக்கம்தான் இல்லாமல் இருக்கும். பெண் பிள்ளைகளுக்கு அந்த வயதில் உடம்பு மாறும். சிலருக்குக் கொஞ்ச காலம் டைமிங் நகராது, பின்னாலும் போகலாம். அதை முன்கூட்டியே சொல்லிவை. எடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே, மற்றவர்களையும் பேசவிடாதே. மாதவிடாய் வந்துகொண்டிருந்து நின்றுபோனால், பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகவில்லை என்பதற்கு அது எச்சரிக்கையாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் அனுப்பு.

டாக்டர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸுக்கு நடந்தது உனக்குத் தெரியும். 2021 ஜூலையில் அணிப் போட்டியின் வால்ட்டில் காற்றில் இரண்டரைச் சுற்று சுற்ற வேண்டியவர் ஒன்றரைச் சுற்றோடு இறங்கினார். தான் காற்றில் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியவில்லை என்று போட்டியிலிருந்து விலகினார். பயந்துவிட்டார் என்று பேசினவர்கள் உண்டு. அந்த விளையாட்டில் அப்படிக் குழம்பினால் கழுத்து முறியும். விலகியது மிகச் சரி. ஒரு வாரம் கழித்து பேலன்ஸ் பீமில் வெண்கலம், 2024 பாரிஸில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும். துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ரா 2008 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிறகுதான் தனக்குள் பெரிய வெறுமை வந்தது என்று வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அதனால் தோற்ற பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதே. பெரிய வெற்றிக்கு அடுத்த வாரம், ஜெயித்தவள் எப்படி இருக்கிறாள் என்றும் கேள்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, பிடித்ததில்கூட ஆசை போய், 'நான் எதுக்கும் லாயக்கில்லை' மாதிரியான பேச்சு சில வாரம் தொடர்ந்தால், அது உன் கையில் இருக்கிற வேலை இல்லை. மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ போக வேண்டியது. சாக வேண்டும் என்று ஒரு தடவை சொன்னாலும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே, தனியாக விடாதே, அன்றைக்கே வீட்டாரிடம் பேசி அழைத்துப் போகச் செய். கணுக்கால் வீங்கினால் பிசியோவிடம் அனுப்புகிறாய் அல்லவா, அதே சாதாரணக் குரலில் இதையும் சொல்லு. குகேஷ் 2024-ல் உலக செஸ் சாம்பியன்ஷிப்புக்குப் போனபோது பேடி அப்டன் என்ற மனப்பயிற்சியாளரோடு வேலை செய்தார். முதல் ஆட்டத்திலேயே தோல்வி. மூன்றாவதில் வெற்றி, 11-ல் வெற்றி, 12-ல் மறுபடி தோல்வி, 14-ல் ஜெயித்து 18 வயதில் உலக சாம்பியன். எதிரே உட்கார்ந்திருந்த டிங் லிரெனும் தன் மனச்சோர்வைப் பற்றி மறைக்காமல் பேசியவர். உதவி கேட்பது பலவீனம் என்று எந்தப் பிள்ளையாவது நினைத்தால் இவர்கள் பெயரைச் சொல்லு.

இனி உன் 200 மீட்டர் பிள்ளை. அடுத்த போட்டியில் அவளைத் தனி ஓட்டத்தில் இறக்கலாமா, ரிலேயில் மட்டும் ஓடவிடலாமா என்று நீ யோசித்துக்கொண்டிருப்பாய். ரிலேயில் சில பிள்ளைகள் லேசாகிவிடுவார்கள், சிலருக்குப் பேட்டனைத் தவறவிட்டு மற்ற மூன்று பேரையும் ஏமாற்றிவிடுவோமோ என்ற பயம் இன்னும் கூடும். அவள் எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் இப்போதைக்குத் தெரியாது. அவளிடமே கேள். இரண்டும் வேண்டாம், இந்தத் தடவை வந்து பார்க்கிறேன் என்றாலும் சரி என்று சொல்லு. சொல்லிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. என்ன பதில் சொன்னாள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா