பாட்டியின் வெள்ளெழுத்துக் கண்ணாடி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பு அறிவியல் கற்பித்தல் பற்றிச் சென்ற வாரம் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், ‘கிராமப்புறப் பிள்ளைகளுக்கு இயற்பியலை உணரும் அனுபவம் குறைவு, ஆய்வகத்தைவிடக் காணொளியே அவர்களுக்குப் போதுமானது’ என்ற வரியைத் தாண்டி என்னால் படிக்க இயலவில்லை. பென்னாகரம் வட்டத்து அரசுப் பள்ளிகளில் 26 ஆண்டுகள் அறிவியல் கற்பித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் மாவட்டத்து மலைச்சாலை இறக்கமான தொப்பூர் கணவாயைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். அங்கு நேரும் விபத்துகள் தங்கள் இதழில் வராத மாதம் அரிது. உந்தம் பற்றிய பாடத்தின்போது லாரி ஓட்டுநர் ஒருவரின் மகன் எழுந்து, டீசல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் இறக்கினால் சுமை முழுவதும் பிரேக்கின் மேல் விழும், டிரம் சூடேறிப் பிடிக்காமல் போகும், அதனால்தான் தன் தந்தை சிறிய கியரிலேயே இறக்குவார் என்று விளக்கினான். நிலை ஆற்றல் வெப்பமாக மாறுவதைப் பற்றி நான் அதற்குமேல் சொல்ல அதிகம் இருக்கவில்லை. இவர்களுக்குத்தான் அனுபவம் குறைவாம்.

நான் காணொளிக்குப் பகைவனல்லன். அணுக்கருப் பிளவை எந்தப் பள்ளியிலும் செய்துகாட்ட முடியாது. அதற்குத் திரை வேண்டும். தொலைவிலுள்ள பொருளின் பிம்பம் குவிலென்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் தெளிவாக விழுகிறது என்ற குவியத் தொலைவைக் காண்பதற்குமா? எங்களிடம் இருந்தவை இரண்டே லென்சுகள், அவற்றிலும் ஒன்று விளிம்பு உடைந்தது. ஆகவே, வீட்டுப் பெரியவர்களின் வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கேட்டு வாங்கிவரச் சொன்னேன். வராந்தாவில் பிடித்த வெள்ளை அட்டையில் எதிரே நின்ற புளியமரம் தலைகீழாக விழுந்தது. திறன் +2 டயாப்டர் என்றால் குவியத் தொலைவு 50 சென்டிமீட்டர் என்று முன்பே சொல்லித் தொலைத்திருந்தேன். அந்தக் கண்ணாடி கிடைத்தவர்கள் எல்லாரும் 50 என்றே எழுதினார்கள். ஒரு மாணவி மட்டும் 54 என்று எழுதிவிட்டு, “பாட்டி கண்ணாடி கெட்டுப்போச்சுங்களா சார்?” என்று கேட்டாள். மரம் ஏழு மீட்டர் தூரத்தில்தான் நின்றது, ‘தொலைவிலுள்ள பொருள்’ என்று கொள்ள அது போதாது என்பதை இருவருமாகக் கண்டுபிடித்தோம். ஊர்க்கோடித் தண்ணீர்த் தொட்டியின் பிம்பத்தை விழவைத்து அளந்தபோது அவளுக்கும் 50 வந்தது. காணொளியில் 54 வரவே வராது, ஐயா.

இன்று பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது. பெயர் ஆய்வகம்தான், உள்ளே இருப்பவை கணினிகள். தாவரவியல் பட்டம் பெற்றவர் ஓம் விதியையும், இயற்பியல் பட்டம் பெற்ற நான் ஒளிச்சேர்க்கையையும் நடத்தியதை எந்தக் கட்டுரையாளரும் எழுதியதில்லை. அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25 என்று பிரித்தார்கள். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் அம்மீட்டரை எந்த முனையில் இணைப்பதென்று அறியாத பிள்ளைக்கும் அந்த 25 முழுதாக விழுந்தது. முள் எதிர்ப்பக்கம் நகர்வதை ஒருமுறையேனும் பார்த்தவன் நேர்முனையையும் எதிர்முனையையும் பிறகு மாற்ற மாட்டான்.

தங்கள் மாணவர் பக்கத்தின் பங்கையும் நான் மறந்துவிடவில்லை. சென்ற ஆண்டு மாதிரி வினாத்தாளில் ‘எடையின் அலகு கிலோகிராம்’ என்று விடை அச்சாகியிருந்தது. இரண்டு கடிதங்கள் எழுதினேன். தங்களுக்கு ஆயிரம் அலுவல்கள் இருக்கும் என்று தேற்றிக்கொண்டேன். ஆனால் காலாண்டுத் தேர்வில் அந்த விடையை அப்படியே எழுதி மதிப்பெண் இழந்த என் அண்டை வீட்டுப் பையன், ‘பேப்பர்லயே போட்டிருந்தாங்களே’ என்று என்னிடம்தான் சண்டைக்கு வந்தான்.

கட்டுரையாளர் தம் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் கோரவில்லை. கிலோகிராம் நிறையின் அலகு, எடையின் அலகு நியூட்டன் என்ற ஒருவரித் திருத்தத்தை, பொதுத்தேர்வுக்கு முன்பாக மாணவர் பக்கத்தின் ஏதேனும் ஒரு மூலையில் வெளியிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.