ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு முன்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

முதியோருக்கு ஞாபகப் பரிசோதனை முகாம் நடத்தப் போகிறாய் என்றதும் மனசு நிறைந்துவிட்டது. ஆனால் அறுபது தாண்டிய எல்லோரையும் வரிசையில் உட்காரவைத்துவிடாதே. எந்தக் குறையும் சொல்லாதவர்களை மொத்தமாகச் சோதிப்பதில் நன்மை அதிகமா, கெடுதல் அதிகமா என்று முடிவுசெய்யச் சான்று போதாது என்றுதான் 2020இல் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு சொன்னது. சொன்னதையே சொல்கிறார், பழகிய தெருவில் வழி தவறினார், மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொண்டார் என்று வீட்டார் கவலைப்படுகிறார்களே, அவர்களை முதலில் பார்.

கேள்வியைத் தொடங்குமுன் கண்ணும் காதும். கண்ணாடியை மறந்து வந்தவருக்கும் காதில் குறும்பி அடைத்தவருக்கும் மதிப்பெண் குறையத்தான் செய்யும். தனி அறை வேண்டும். மகனோ மருமகளோ பக்கத்தில் இருந்தால் பாசத்தில் பதிலை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

மினி காக் என்ற சிறு ஞாபகச் சோதனைக்கு மூன்று நிமிடம் போதும். தொடர்பில்லாத மூன்று சொற்களைச் சொல்லி, திரும்பச் சொல்லவை. பிறகு வட்டம் போட்ட தாளில் எண்களை எழுதி, பதினொரு மணி பத்து நிமிடம் காட்டும்படி முள் வரையச் சொல். அப்புறம் அந்த மூன்று சொற்களைக் கேள், குறிப்புத் தராதே. சொல்லுக்கு ஒன்று, கடிகாரம் சரியானால் இரண்டு. மொத்தம் ஐந்தில் மூன்றுக்குக் கீழே போனால் விரிவாகப் பார்க்கணும். 'பத்து' என்ற சொல் இழுக்க, பெரிய முள்ளை 2இல் வைக்காமல் 10இல் வைப்பவரைக் குறித்துக்கொள். ஆனால் பென்சிலே பிடித்தறியாத பாட்டி தடுமாறினால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

சோதிப்பவர்களில் நிறையப் பேர் சறுக்குவது இந்தப் படிப்பு விஷயத்தில்தான். 1975இல் வந்த எம்எம்எஸ்இ என்ற சோதனையில் 30க்கு 24க்குக் கீழே என்றால் சந்தேகப்படுவது வழக்கம். அதில் படிப்பதும் எழுதுவதும் நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பதும் உண்டு. பள்ளிக்கே போகாதவருக்கு அங்கேயே மதிப்பெண் போய்விடும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரோ நோய் தொடங்கிய பிறகும் 28 வாங்கக்கூடும். அதனால்தான் ஹரியானாவின் பல்லப்கட்டில் எழுத்தறியாத கிராமத்தாருக்கென்று இந்தி வடிவம் ஒன்றைத் தனியாக அமைத்தார்கள். லேசான ஞாபகக் குறைபாட்டைப் பிடிக்க 2005இல் வந்த மோக்கா என்ற சோதனை இன்னும் நல்லது. அதில் எல்லை 26, அதற்குக் கீழே போனால் சந்தேகம். படிப்பு 12 ஆண்டோ அதற்குக் குறைவோ என்றால் ஒரு மதிப்பெண் கூட்டணும். கேள்வி கடினமாக இருக்கிறதே என்று நீயாக மாற்றாதே. மாற்றினால் அந்த எல்லைக்குப் பொருளில்லை.

நான் பெரிதும் நம்புவது வீட்டாரைத் தனியே கேட்கும் ஏடி8 என்ற கேள்வித்தாளை. எட்டுக் கேள்வி, இரண்டிலாவது மாற்றம் தெரிகிறது என்றால் மேலே பார்க்கணும். அது அவரை அவருடைய பழைய நாளோடு ஒப்பிடுவதால் படிப்பு அவ்வளவாகக் குறுக்கே வராது. வரவுசெலவு எப்போதும் மருமகள் கையில் இருந்திருந்தால் அதைக் கேட்டுப் பயனில்லை. பாட்டி தானே பார்த்துவந்த பால் கணக்கு, குழம்பு, கோலம், இவற்றைக் கேள். மறதி இருந்தும் அன்றாட வேலை தன் கையால் நடந்தால் லேசான குறைபாடு. அதற்கே ஆள் தேவைப்பட்டால்தான் டிமென்ஷியா என்ற மறதிநோய்ப் பக்கம் யோசிக்கணும்.

மாத்திரைப் பையைக் கொண்டுவரச் சொல். மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின், கைநடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்ஸிஃபெனிடில், தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மாத்திரை, எல்லாமே ஞாபகத்தை மந்தமாக்கும். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். பி12, தைராய்டு, சோடியம் பார்க்காமல் யாருக்கும் முத்திரை குத்தாதே. மனச்சோர்வும் மறதி மாதிரியே வரும். இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழம்பினால் அது வேறு. சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே அனுப்பு. சில வாரம் முன்பு விழுந்தவருக்குத் தலை ஸ்கேன்.

மதிப்பெண்ணை யார் காதிலும் விழும்படி சொல்லாதே, அட்டையில் 'டிமென்ஷியா' என்று எழுதாதே. "இன்னொரு தடவை நிதானமாப் பார்க்கணும்மா" என்றால் போதும். லேசான குறைபாடு உள்ளவர்களில் சிலர் பழையபடி தேறுவதும் உண்டு. ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் திரும்ப வரச் சொல். அப்போது ஒப்பிட, எந்தச் சோதனை, தேதி, படித்த வகுப்பு, கண்ணாடி போட்டிருந்தாரா, காது கேட்டதா என்பதெல்லாம் மதிப்பெண்ணோடு எழுதி வை.

அன்புடன்
அம்மா